‘ஜம்போ’வைத் தேடினால் எந்த அகராதித் தளம் கைகொடுக்கிறது?

அகராதித் தளங்களைச் சோதிக்க அரிய சொல் தேவையில்லை. பொருள் தெரியும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கும் ஒரு சொல் போதும். ஆங்கிலத்தின் ‘ஜம்போ’ அப்படிப்பட்ட சொல். கேட்டால் ‘மிகப் பெரியது’ என்று யாரும் சொல்லிவிடுவார்கள். அந்தப் பதிலை மட்டும் வைத்துக்கொண்டு வாக்கியம் எழுத உட்கார்ந்தால் சறுக்கும். எவ்வளவு உயரமான மலையையும் ஆங்கிலத்தில் ஜம்போ மலை என்று எழுதுவதில்லை. விரலிடுக்கில் அடங்கிவிடும் பேப்பர் கிளிப்பை மட்டும் ஜம்போ என்று பெட்டியின் மேலேயே அச்சிட்டு விற்கிறார்கள்.

காரணம் எளிது. இந்தச் சொல் நீள அகலத்தைச் சொல்வதில்லை, வரிசையில் உள்ள இடத்தைச் சொல்கிறது. ஒரே பொருள் சிறியது, நடுத்தரம், பெரியது என்று பல அளவுகளில் கிடைக்கும்போது, வழக்கமான பெரியதையும் தாண்டி நிற்பதுதான் ஜம்போ. மலைகளுக்கு அப்படி அளவு வரிசை கிடையாது; கிளிப்புகளுக்கு உண்டு. ஓர் அகராதி இதைச் சொல்கிறதா என்பதுதான் இந்த மதிப்பீட்டின் முதல் அளவுகோல். சொல் வாக்கியத்தில் எங்கே உட்காரும், எந்தத் தொனியில் வரும், எந்தத் தொழிலில் தனிப்பொருள் பெற்றிருக்கிறது, எங்கிருந்து வந்தது என்பவை மற்றவை.

ஆங்கிலம் பயில்வோருக்கான அகராதிகளிலிருந்து தொடங்கலாம். ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ், லாங்மேன், கேம்பிரிட்ஜ் மூன்றும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இந்த ஒரு சொல்லைப் பொறுத்தவரை லாங்மேனின் விளக்கமே கூர்மையானது. ‘அதே வகையைச் சேர்ந்த மற்றவற்றைவிடப் பெரியது’ என்ற கருத்தை அது நேராகச் சொல்லிவிடுகிறது. லாங்மேன் தன் விளக்கங்களைச் சுமார் 2000 எளிய சொற்களுக்குள் எழுத வேண்டும் என்று வைத்திருக்கும் கட்டுப்பாடு இங்கே நன்மையாக முடிந்திருக்கிறது. ‘பிரம்மாண்டம்’ போன்ற ஆடம்பரச் சொல்லுக்குள் ஒளிய வழியில்லாததால் ஒப்பீட்டை உடைத்துச் சொல்ல வேண்டியதாகிறது. ஆக்ஸ்ஃபோர்டு ‘வழக்கத்தைவிடப் பெரிய’ என்கிறது, அதுவும் சரியே. கேம்பிரிட்ஜ் ‘கூடுதல் பெரிய’ என்ற சுருக்கத்தோடு நின்றுவிடுவதால், எதோடு ஒப்பிட்டுக் கூடுதல் என்பதை எடுத்துக்காட்டிலிருந்து நாமே பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இந்தத் தளங்களில் பலர் கண்ணை ஓடவிட்டுத் தாண்டிப் போகும் பகுதி ஒன்று உண்டு: சொல்லின் பக்கத்தில் சிறிய எழுத்தில், ‘பெயர்ச்சொல்லுக்கு முன் மட்டும்’ என்று வரும் இலக்கணக் குறிப்பு. விளக்கத்தைவிட அதற்கு மதிப்பு அதிகம். ‘எ ஜம்போ பேக்’ சரி. ‘த பேக் இஸ் ஜம்போ’ என்று வினைக்குப் பின்னால் தனியே நிறுத்தினால் ஆங்கிலக் காதுக்கு உறுத்தும். அந்த இடத்தில் வைத்தே ஆக வேண்டுமென்றால் ‘ஜம்போ-சைஸ்டு’ என்று நீட்ட வேண்டும். ‘வெரி ஜம்போ’, ‘மோர் ஜம்போ’ என்ற வடிவங்களும் இயல்பாக இல்லை. வரிசையில் ஓர் இடத்தின் பெயராக இருப்பதால் அதைக் கூட்டவோ குறைக்கவோ முடிவதில்லை. தமிழில் ‘பெரிய பை’, ‘பை பெரியது’ இரண்டும் தடையின்றி வருவதால் நம்மவர்களிடம் அதிகம் காணப்படும் பிழை இதுதான். இந்தக் கட்டுப்பாட்டைக் குறியீடாகச் சுருக்காமல், ‘எப்போதும் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் பயன்படுத்தப்படும்’ என்று முழுதாக எழுதிக் காட்டுவது பிரிட்டானிகா அகராதி. குறியீடுகள் பழகாத மாணவருக்கு அதையே முதலில் காட்டலாம்.

‘இன்ஃபார்மல்’ என்ற தொனிக் குறிப்பையும் விட்டுவிடக் கூடாது. ஜம்போ விற்பனை அட்டையில் பிறந்து வளர்ந்த சொல். அதில் ஒரு குதூகலம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நிலநடுக்கம், கடன் நெருக்கடி, தொற்று பற்றிய அறிக்கையில் அதைப் போட்டால் படிப்பவர் முகம் சுளிப்பார். அங்கே ‘ஹ்யூஜ்’ அல்லது ‘மேசிவ்’ போதும். கருத்துப் பொருள்களோடும் இது சேர்வதில்லை. ‘ஜம்போ பிராப்ளம்’, ‘ஜம்போ மிஸ்டேக்’ என்று எழுதினால் பொருள் புரியும், ஆனால் எழுதியவர் வெளியாள் என்பதும் புரிந்துவிடும்.

உச்சரிப்பில் முதலில் சொன்ன மூன்று தளங்களும் குறைவைக்கவில்லை. பிரிட்டிஷ், அமெரிக்க ஒலிப்பதிவுகள் தனித்தனியே இருக்கின்றன. முதல் உயிர் ‘கப்’ என்ற ஆங்கிலச் சொல்லில் வருவது. எழுத்தைப் பார்த்து ‘ஜும்போ’ என்று சொல்வது தவறு. அழுத்தம் முதல் அசையில். பன்மைக்கு ‘எஸ்’ மட்டும் சேர்த்தால் போதும், ‘பொட்டேட்டோ’வுக்குச் சேர்ப்பதுபோல் ‘இ’ வேண்டாம்.

தொழில்களுக்குள் நுழைந்தால்தான் பயில்வோர் அகராதிகளின் எல்லை தெரிகிறது. விமானத்தைத் தவிர வேறெதையும் அவை பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. ஆனால் ஜம்போ பல துறைகளில் வெறும் அடைமொழியாக இல்லாமல், எண்ணால் வரையறுக்கப்பட்ட அளவாகவே ஆகியிருக்கிறது. மொழிபெயர்ப்பாளர்கள் அடிபடுவது இங்கேதான்.

அமெரிக்க வேளாண்மைத் துறையின் முட்டைத் தரநிலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டஜன் முட்டைகளின் எடை குறைந்தது 30 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 850 கிராம் இருந்தால்தான் பெட்டியில் ஜம்போ என்று போடலாம். அதற்குக் கீழே ‘எக்ஸ்ட்ரா லார்ஜ்’ 27 அவுன்ஸ், ‘லார்ஜ்’ 24 அவுன்ஸ். அளக்கப்படுவது டஜனின் மொத்த எடை. இறால் வணிகத்தில் அதே சொல் நெகிழ்ந்துவிடுகிறது. ஒரு பவுண்டுக்கு 21 முதல் 25 வரை நிற்கும் இறாலைப் பலர் ஜம்போ என்பார்கள். வேறு சிலர் வேறு எண்ணிக்கைக்கு அதே பெயரைப் போடுவார்கள். அதனால் விவரம் அறிந்தவர்கள் பெயரை விட்டுவிட்டு எண்ணிக்கையைப் பார்க்கிறார்கள். முட்டைக்கு உள்ள உறுதி இறாலுக்கும் இருக்கும் என்று எண்ணி மொழிபெயர்த்தால் ஒப்பந்த ஆவணத்தில் வழக்கு வரும் அளவுக்குப் பிழை நேரலாம்.

வீட்டுக்கடன் இன்னும் சுவையான நிலை. அமெரிக்காவில் ‘ஜம்போ லோன்’ என்பது, அரசு ஆதரவுள்ள ஃபேனி மே, ஃபிரெடி மேக் நிறுவனங்கள் வாங்கிக்கொள்ளக்கூடிய உச்சவரம்பைத் தாண்டிய கடன். ஒரு குடியிருப்பு கொண்ட வீட்டுக்கு, பெரும்பாலான மாவட்டங்களில் அந்த வரம்பு 2024இல் 7,66,550 டாலர். 2025இல் 8,06,500 டாலர். ஆக, 8 லட்சம் டாலர் கடன் ஓராண்டில் ஜம்போ, மறு ஆண்டில் ஜம்போ அல்ல. தொகை மாறவில்லை, கோடுதான் நகர்ந்தது. ‘மிகப் பெரிய கடன்’ என்று தமிழாக்கினால் இந்தச் சட்டப்பொருள் முழுவதும் காணாமல் போய்விடும். ‘உச்சவரம்பு மீறிய கடன்’ என்றால் ஓரளவு நிற்கும்.

கணினி வலையமைப்பில் ஈதர்நெட் சட்டகம் (ஒரே தவணையில் அனுப்பப்படும் தரவுப் பொதி) ஒன்று வழக்கமாக 1500 பைட் வரை தரவைச் சுமக்கும். அதற்கு மேல் சுமப்பது ‘ஜம்போ ஃபிரேம்’. நடைமுறையில் 9000 பைட் வரை வைப்பார்கள். ஈதர்நெட்டுக்கான ஐஇஇஇ 802.3 தரநிலையில் இது சேர்க்கப்படவில்லை. அதனால் வழியிலுள்ள எல்லாக் கருவிகளிலும் ஒரே அளவை அமைக்காவிட்டால் பெரிய சட்டகங்கள் கைவிடப்படும். இணைப்பைச் சோதிக்கும் சிறிய ‘பிங்’ செய்தி போய்வரும், பெரிய கோப்பு மட்டும் நடுவழியில் நிற்கும். ‘பெரிய சட்டகம்’ என்று மொழிபெயர்த்த கையேட்டைப் படிப்பவர், அது அமைப்புகளில் தனியாக இயக்க வேண்டிய ஒரு வசதி என்பதையே உணரமாட்டார்.

சுரங்கப் பொறியியலில் ஜம்போ ஒரு பெயர்ச்சொல்: பல கைகளில் துளைக்கருவிகளைத் தாங்கிப் பாறையில் ஒரே நேரத்தில் துளையிடும் வண்டி. காகித ஆலைகளில் ஜம்போ ரோல் என்பது சிறு உருளைகளாக வெட்டப்படாத மூல உருளை. இவற்றைப் பயில்வோர் அகராதியில் தேடிப் பயனில்லை. அந்தந்தத் துறையின் கலைச்சொல் தொகுப்பில்தான் பார்க்க வேண்டும். பொது அகராதியில் இவ்வளவையும் எதிர்பார்ப்பது நியாயமில்லைதான். ஆனாலும் ‘சில தொழில்களில் தனிப்பொருள் உண்டு’ என்று ஒரு வரி சேர்க்கலாம்.

விமானத்தை மட்டும் எல்லோரும் நன்றாகவே கையாள்கிறார்கள். ஜம்போ ஜெட் என்றால் முதன்மையாகப் போயிங் 747. அது 1969 பிப்ரவரி 9 அன்று முதலில் பறந்தது; 1970 ஜனவரியில் பான் ஆம் நிறுவனத்துக்காக நியூயார்க்கிலிருந்து லண்டனுக்குப் பயணிகளை ஏற்றிச் சென்றது. அதைவிடப் பெரிய ஏர்பஸ் ஏ380 2005இல் பறந்தபோதும் பழைய பெயர் 747ஐ விட்டு நகரவில்லை; புதியதற்குச் ‘சூப்பர்ஜம்போ’ என்று ஒன்றைக் கூட்டினார்கள்.

சொல்லின் பிறப்பைத் தேடுபவர் வேறு தளங்களுக்குப் போக வேண்டும். மெரியம்-வெப்ஸ்டரின் விளக்கம் நன்றாக இருக்கிறது: ‘தன் வகையில் மிகப் பெரிய ஒன்று’ என்ற பொருளில் ‘தன் வகையில்’ என்பதை விடாமல் பிடித்திருக்கிறது. தோற்றத்தைச் சொல்லும்போது மட்டும் பார்னம் என்பவர் காட்சிக்கு வைத்த ஜம்போ என்ற யானையின் பெயரோடு நின்றுவிடுகிறது. அது பாதிக் கதைதான்.

யானையின் கதை உறுதியானது. ஆப்பிரிக்காவில் பிடிபட்ட அந்த ஆண் யானை பாரிஸ் வழியாக 1865இல் லண்டன் விலங்குக் காட்சிசாலைக்கு வந்தது. 1882இல் அமெரிக்க சர்க்கஸ் முதலாளி பி. டி. பார்னம் 2000 பவுண்டுக்கு வாங்கியபோது இங்கிலாந்தில் பெரும் எதிர்ப்பு கிளம்பியது. அந்தக் கூச்சலை பார்னமே விளம்பரமாக்கிக்கொண்டார். 1885 செப்டம்பர் 15 அன்று கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் செயின்ட் தாமஸ் என்ற ஊரில் ரயில் மோதி யானை இறந்தது. அப்போது அதன் தோள் உயரம் சுமார் 3.2 மீட்டர். பெயர் பொருள்களின் மேல் ஒட்டத் தொடங்கியது 1882 பரபரப்புக்குப் பிறகுதான்.

ஆனால் ‘ஜம்போ’ என்ற கொச்சைச் சொல் 1823லேயே அச்சில் இருக்கிறது. பருத்த, லாவகமில்லாத ஆளைக் குறித்தது. யானை அப்போது பிறக்கவே இல்லை. இந்த ஆண்டைச் சொல்லும் இலவசத் தளம் எட்டிமாலஜி ஆன்லைன். 1823, 1882 இரண்டையும் தந்து, மேற்கு ஆப்பிரிக்க மொழிகளில் யானைக்கான சொல்லோடு, குறிப்பாகக் கொங்கோ மொழியின் ‘ன்ஸாம்பா’வோடு, தொடர்பு ‘இருக்கலாம்’ என்று அளந்து சொல்கிறது. அந்த ‘இருக்கலாம்’ முக்கியமானது. ‘ஸ்வாஹிலி மொழியில் தலைவன் என்று பொருள்’ என்ற விளக்கம் இணையம் முழுக்க உறுதிபோல் உலவுகிறது. அதைத் தயக்கமின்றி எழுதும் தளத்தை நம்பவேண்டாம். எட்டிமாலஜி ஆன்லைனில் குறையும் உண்டு. அது மேற்கோள் வாக்கியங்களை அநேகமாகத் தருவதில்லை. ஆண்டை எடுத்துக்கொள்ளலாம், சான்றைச் சரிபார்க்க முடியாது.

சான்று வேண்டியவருக்கு ஓ.இ.டி. எனப்படும் பெரிய ஆக்ஸ்ஃபோர்டு அகராதிதான். பொருள்கள் பழமை வரிசையில், ஒவ்வொன்றுக்கும் ஆண்டிட்ட மேற்கோள்களோடு இருக்கும். சந்தா கட்ட வேண்டும். ஒரு சொல்லுக்காகச் சந்தா கட்டச் சொல்லமாட்டோம். உங்கள் பல்கலைக்கழகமோ நூலகமோ ஏற்கெனவே கட்டியிருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பிரிட்டனின் பல பொது நூலகங்கள் உறுப்பினர் அட்டை எண்ணைக் கொண்டு வீட்டிலிருந்தே நுழைய விடுகின்றன.

பழமை வரிசையில் ஒரு பொறி இருக்கிறது, மெரியம்-வெப்ஸ்டரைத் தினமும் திறப்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். அதிலும் பொருள்கள் தோன்றிய வரிசையில்தான் வைக்கப்பட்டிருக்கின்றன, புழக்க வரிசையில் அல்ல. ‘எனார்மஸ்’ என்று தேடினால் ‘இயல்புக்கு மாறான’, ‘கொடிய’ என்ற வழக்கொழிந்த பொருள் முதலில் நிற்கும். இன்றைய ‘மிகப் பெரிய’ அதற்குப் பிறகு வரும். முதல் எண்ணைப் பார்த்ததும் மூடிவிடுபவர் தவறான பொருளோடு போவார். அந்தப் பழைய பொருள் ‘எனார்மிட்டி’ என்ற பெயர்ச்சொல்லில் இன்னும் உயிரோடு இருக்கிறது. கவனமாக எழுதுபவர்களுக்கு அது கொடுமையின் அளவைக் குறிக்கும் சொல். கட்டடத்தின் பருமனைச் சொல்ல அதைப் போட்டால் சிலர் திருத்துவார்கள்.

இதே தளத்தின் ஒத்தசொல் பகுதியில் பெரிய அளவைக் குறிக்கும் சொற்கள் நீண்ட வரிசையாகக் கிடைக்கும். பட்டியல் வளமானது, ஆனால் ஒன்றை எடுத்து மற்றொன்றின் இடத்தில் வைக்கலாம் என்ற மயக்கத்தை அது தந்துவிடுகிறது. ‘மாமத்’ உழைப்பும் காலமும் விழுங்கும் பணியோடு சேர்வது: மாமத் டாஸ்க். ‘கொலாசல்’ வீணடிப்போடும் தோல்வியோடும் நன்றாகப் பொருந்தும். ‘வொப்பிங்’ எண்ணுக்கு முன்னால் வந்து வியப்பைக் கூட்டும்: எ வொப்பிங் 40 பெர்சன்ட். ‘வொப்பர்’ என்ற பெயர்ச்சொல் பெரிய மீனுக்கும் வரும், கூசாமல் சொன்ன பெரிய பொய்க்கும் வரும்; ஒருவர் சொன்ன தகவலை வொப்பர் என்று புகழப் போனால் அவரைப் பொய்யர் என்றதாகிவிடும். ‘பெஹிமத்’ விவிலியத்தின் யோபு நூலில் வரும் விலங்கின் பெயர். இன்று பெருநிறுவனங்களைச் சற்று அச்சத்தோடு குறிக்கிறது. ‘ஹ்யூமங்கஸ்’ 1960களின் இறுதியில் அமெரிக்கப் பேச்சில் முளைத்தது, இன்னும் பேச்சுக்கே உரியது. ‘ஜைனார்மஸ்’ விளையாட்டுச் சொல்லாகவே நெடுங்காலம் இருந்து, 2007இல்தான் மெரியம்-வெப்ஸ்டரின் கல்லூரிப் பதிப்பில் இடம்பிடித்தது.

எந்தப் பெயர்ச்சொல்லோடு எது சேரும் என்பதை அறிய அகராதியைவிட, எடுத்துக்காட்டு வாக்கியங்களைத் தேடித் தரும் ஸ்கெல் (SkELL) தளம் நல்லது. பதிவு வேண்டாம், கட்டணம் இல்லை. சொல்லை இட்டு ‘வேர்ட் ஸ்கெட்ச்’ பொத்தானை அழுத்தினால் அதோடு அதிகம் வரும் சொற்கள் இலக்கண உறவுவாரியாகப் பிரிந்து வரும். அவற்றில் ஒன்றைத் தொட்டால் வாக்கியங்கள் தெரியும். ‘சிமிலர் வேர்ட்ஸ்’ பொத்தானை மட்டும் ஒத்தசொல் பட்டியலாக எண்ணிவிடக் கூடாது. ஒரே சூழலில் வருபவற்றை அது இயந்திரமாகத் திரட்டுகிறது; எதிர்ச்சொல்லும் அதில் கலந்திருக்கும்.

நூல்களில் சொற்கள் வருவதை ஆண்டுவாரியாகக் கணக்கிடும் கூகுள் என்கிராமில் புழக்கத்தின் ஏற்ற இறக்கத்தை வரைபடமாகப் பார்க்கலாம். அமைப்புகளைத் தொடாமல் பார்த்தால் இந்தச் சொல்லுக்கு வரைபடம் பொய் சொல்லும். முதலாவது, அது பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறாகக் கருதும். சிறிய எழுத்தில் தேடினால் யானையின் பெயர் விலகும். அதுதான் நமக்கு வேண்டியது. ஆனால் வாக்கியத் தொடக்கத்திலும் தலைப்பிலும் வருபவையும் விலகிப்போகும். இரண்டாவது, அர்த்தமற்ற சடங்குப் பேச்சைக் குறிக்கும் ‘மம்போ ஜம்போ’ உள்ளே புகுந்து கணக்கை ஊதிப் பெருக்கும். தேடல் பெட்டியில் அடைப்புக்குறிக்குள் ‘ஜம்போ’, இருபுறமும் இடைவெளி விட்டுக் கழித்தல் குறி, பிறகு ‘மம்போ ஜம்போ’ என்று இட்டால் அது கழிந்துவிடும். இணைப்புக்கோட்டோடு எழுதப்பட்ட வடிவம் இதில் சிக்காது. அதைத் தனியே தேடி ஒப்பிட வேண்டும். மூன்றாவது, பக்கத்து ஆண்டுகளோடு சேர்த்துச் சராசரி எடுக்கும் ‘ஸ்மூத்திங்’ அமைப்பு தானாகவே 3இல் இருக்கும். 1882 போன்ற ஓர் ஆண்டின் திடீர் உயர்வை அது பக்கத்து ஆண்டுகளுக்குப் பரப்பிவிடும்; 0 ஆக்கிப் பாருங்கள். சொல்லுக்குப் பின் இடைவெளி விட்டு நட்சத்திரக் குறி இட்டால் அடுத்து வரும் பத்து முதன்மைச் சொற்கள் கிடைக்கும். ஜம்போவுக்கு மிகப் பயனுள்ள வசதி இதுதான். 40 நூல்களுக்குக் குறைவாக வந்த தொடர்கள் காட்டப்படுவதில்லை என்பதால், வரைபடத்தில் இல்லாதது மொழியிலும் இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம்.

கடைசியாக, ஆங்கிலம்-தமிழ் அகராதிச் செயலிகளும் இயந்திர மொழிபெயர்ப்பும். ஒரு சொல்லுக்கு ஒரு சொல் தரும் அமைப்பில் ஜம்போவுக்கு ‘மிகப் பெரிய’ என்று வந்தால் அது பிழையல்ல. ஆனால் இலக்கணக் குறிப்பு, தொனி, துறைப்பொருள் மூன்றும் உதிர்ந்துவிடுகின்றன. ஆங்கிலத்தைப் படித்துப் புரிந்துகொள்ள மட்டும் அவை போதும். ஆங்கிலத்தில் எழுத அவற்றை நம்பக் கூடாது. மொழிபெயர்ப்புக்கு அவற்றைப் பயன்படுத்துவோர் தனிச்சொல்லை இடாமல் தொடரை இடவேண்டும்: ‘ஜம்போ லோன்’, ‘ஜம்போ ஃபிரேம்’, ‘ஜம்போ ரோல்’ என்று. ‘ஜம்போ கடன்’ என்று ஒலிபெயர்த்த வடிவம் வந்தால் அதை அப்படியே வைத்துக்கொண்டு, முதல்முறை வரும் இடத்தில் வரம்பு எவ்வளவு, எந்த ஆண்டுக்குரியது என்பதை ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். ‘மிகப்பெரிய கடன்’ என்று வந்தால் திருத்துங்கள்.